நூறு டாலர் நோட்டின் ரெண்டு பக்கம்

நூறு டாலர் நோட்டு நம்ம மாதிரி மெல்பர்ன் மாணவர் கையில தங்காது. அதில் இருக்கும் ஜான் மொனாஷ், தளபதி ஆகறதுக்கு முன்னாடி சின்ன பொறியியல் கம்பெனி நடத்தியவர். 1894-ல் ஆண்டர்சனோடு சேர்ந்து ஆரம்பிச்சது. கம்பி வைத்த கான்கிரீட் பாலம் அப்போ இங்கே புதுசு. பெண்டிகோ நகரசபை நம்பி வேலை கொடுத்தது.

1901-ல் பாரச் சோதனையின்போது அங்கே ஒரு பாலம் இடிஞ்சு, ஒருத்தர் இறந்தார். கம்பெனி சொந்தச் செலவில் திரும்பக் கட்டியது. மொனாஷ் கடனில் மூழ்கினார். 1905-ல் புதுக் கம்பெனிக்குத் தோள் கொடுத்தவர் டேவிட் மிட்செல். அதே நோட்டின் மறுபக்கம் இருக்கும் பாடகி நெல்லி மெல்பாவின் அப்பா!

இந்தியாவில் மத்திய அரசு கொள்முதலில் 25% சிறு நிறுவனங்களுக்குன்னு விதி இருக்கு. நல்லதுதான். ஆனா புது முயற்சி சறுக்கினா நட்டம் யார் தலையில்? அதையும் விதியில எழுதணும். எல்லாருக்கும் ஒரு மிட்செல் கிடைப்பாரா? சொல்லுங்க மக்களே.