திருவண்ணாமலையில் உடைந்த கூட்டணி

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபம், கிரிவலம், ரமணாசிரமம்... இவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இதே மலையடிவாரத்தில் 1767 செப்டம்பர் 26 அன்று பீரங்கிகள் முழங்கிய கதை ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. மைசூர் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாம் அலியும் கைகோத்து வந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்ற இடம் இது. ஆங்கிலேயர் எழுதி வைத்த கணக்குப்படி கூட்டுப்படை சுமார் 70 ஆயிரம் பேர். கம்பெனிப் படை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு எப்படித் தோற்றார்கள்?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் நிஜாம் ஹைதரின் நண்பரே அல்ல. 1766 நவம்பரில் வட சர்க்கார் பகுதியை (இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள்) கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் படை உதவி வாங்கிக்கொண்டவர் அவர். நிஜாம், மராத்தியர், கம்பெனி என்று மூன்று பேர் சேர்ந்து ஹைதரை ஒழிப்பதுதான் திட்டம். மராத்தியப் பேஷ்வா மாதவராவ் முதலில் வந்தார். ஹைதர் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் தருவதாகச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டார். அடுத்து நிஜாமுக்கும் ஒரு விலை பேசப்பட்டது. கம்பெனிப் படையோடு மைசூருக்குள் வந்த நிஜாம், ஹைதர் பக்கம் சாய்ந்துவிட்டார்! அவரை நம்பி வந்த கர்னல் ஜோசப் ஸ்மித் அவசர அவசரமாகப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

ஆக, திருவண்ணாமலைக்கு வந்த கூட்டணியே விலைக்கு வாங்கப்பட்ட கூட்டணி. பணம் கொடுத்து வாங்கிய நண்பனை இன்னொருவர் அதிக விலை கொடுத்து வாங்க முடியும் என்பதை ஹைதர் யோசிக்காமல் இருந்திருப்பாரா? தெரிந்தேதான் இறங்கியிருப்பார். வேறு வழி இல்லை.

கம்பெனிப் பக்கமும் ஒரு கூட்டாளி இருந்தார். ஆற்காடு நவாப் முகமது அலி. செப்டம்பர் 3-ம் தேதி செங்கத்தில் ஸ்மித் கூட்டுப்படையை விரட்டினார். ஆனால் அங்கே தங்கிச் சாப்பிட அரிசி இல்லை. திருவண்ணாமலையில் அரிசி சேர்த்து வைப்பதாக நவாப் வாக்குக் கொடுத்திருந்தார். சுமார் 35 கிலோமீட்டர் நடந்து வந்து பார்த்தால் இங்கேயும் இல்லை! வென்ற படை பசியோடு அலைந்தது. கர்னல் வுட் தன் படையோடு வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்மித்துக்கு மூச்சு வந்தது.

செப்டம்பர் 26 அன்று இரு படைகளுக்கும் நடுவே சதுப்பு நிலம் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு எதிரியின் பக்கவாட்டைத் தாக்க ஸ்மித் நகர்ந்தார். கூட்டணித் தலைவர்களோ வெள்ளைக்காரன் ஓடுகிறான் என்று நினைத்துத் துரத்த வந்தார்கள். குன்றைச் சுற்றி வந்தபோது இரண்டு படைகளும் நேருக்கு நேர் மோதின. கூட்டுப்படை ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை இழந்தது. அந்த நேரத்தில் 17 வயதுகூட நிரம்பாத திப்பு ஒரு குதிரைப்படையோடு சென்னையின் புறநகரையே கொள்ளையடித்துக்கொண்டிருந்தார். தோல்விச் செய்தி கேட்டதும் அவரும் திரும்ப வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் ஹைதரின் படை இதில் அழிந்துவிடவில்லை. அழிந்தது கூட்டணிதான். வங்காளத்திலிருந்து வந்த இன்னொரு கம்பெனிப் படை வாரங்கல் வரை போனதும், தன் சொந்த நாடே போய்விடும் என்று நிஜாமுக்குப் பயம் வந்துவிட்டது. 1768 பிப்ரவரி 23-ல் மசூலிப்பட்டினத்தில் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆறு மாதத்துக்கு முன் தோளோடு தோள் நின்ற ஹைதரை அதே ஒப்பந்தத்தில் கலகக்காரன் என்று எழுதிக் கொடுத்தார்!

பி.காம். படிப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். பார்ட்னர்ஷிப் நிறுவனம் கடன்பட்டால் ஒவ்வொரு பார்ட்னரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நடுவில் விலகினாலும் பழைய கடன் விடாது. அரசர்களின் கூட்டணிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. முதலில் விலகுகிறவனுக்கு நல்ல விலை, கடைசியில் நிற்பவன் தலையில் மொத்தக் கடன். 1918-ல் ஜெர்மனியின் கூட்டணியும் இப்படித்தான் போனது. செப்டம்பர் 29-ல் பல்கேரியா, அக்டோபர் 30-ல் துருக்கி, நவம்பர் 3-ல் ஆஸ்திரியா-ஹங்கேரி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நவம்பர் 11-ல் ஜெர்மனி தனியாகக் கையெழுத்துப் போட்டது.

வேடிக்கை என்னவென்றால், நிஜாம் போன பிறகு ஹைதர் நன்றாகவே சண்டை போட்டார். 1769-ல் சென்னை வாசலுக்கே வந்து கம்பெனியைப் பணிய வைத்தார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்று ஒப்பந்தம். 1771-ல் மராத்தியர் ஹைதரை அடித்து நொறுக்கியபோது கம்பெனி வேடிக்கை பார்த்தது.

அந்தக் கோபம்தான் 1780-ல் அவரை மறுபடி செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறக்கியது. இந்த முறை நிஜாமும் மராத்தியரும் அவர் பக்கம். அந்த செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நாசமானது. தென்னிந்தியாவில் கம்பெனியின் கதை முடிந்தது என்றே தோன்றிய நேரம். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் செய்தது பழைய வேலைதான். குண்டூரைத் திருப்பிக் கொடுத்து நிஜாமை விலக்கினார். 1782-ல் சால்பாய் ஒப்பந்தம் போட்டு மராத்தியரை விலக்கினார். அதே வருடம் டிசம்பரில் ஹைதர் இறந்தார்.

1790-ல் நிஜாமும் மராத்தியரும் நேராகக் கம்பெனியோடு சேர்ந்தே திப்பு மேல் பாய்ந்தார்கள். 1792-ல் திப்பு பாதி நாட்டையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயும், இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் கொடுத்தார். சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. அங்கே வரி வசூலிக்கப் போன அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் செய்து பார்த்த முறைதான் பிறகு மாகாணம் முழுக்க வந்த ரயத்துவாரி. செங்கத்துக்கு மேற்கே இருந்த விவசாயி அன்றிலிருந்து கம்பெனிக்குத்தான் வரி கட்டினான்.

1799-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்தார். அரிசி கொடுக்காத நவாபின் நாடு 1801-ல் கம்பெனி கைக்குப் போனது, திருவண்ணாமலையும் சேர்த்து. பேஷ்வா ஆட்சி 1818-ல் முடிந்தது. நிஜாம் மட்டும் 1798-லேயே கம்பெனிப் படையைத் தன் செலவில் தன் நாட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அவர் வம்சம் 1948 வரை அரியணையில் இருந்தது.