சுஹைல் எந்த விண்மீன்?

பிப்ரவரி முற்பகுதியில் இரவு 9 மணியளவில் தூத்துக்குடிக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 28 பாகை உயரத்தில் வெண்ணிற விண்மீன் ஒன்று ஒளிர்வதைக் காணலாம். இரவு வானில் ஒளியால் இரண்டாம் இடம் பெற்ற அதனைத் தமிழ் மரபு அகத்தியர் விண்மீன் என்கிறது. அரபு மக்களுக்கு அது சுஹைல். முதலிடம் பெற்றது, திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயம் (53:49) பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஷிஃரா.

நம் பிள்ளைகளுக்கும் சுஹைல் என்று பெயர் சூட்டுகிறோம். ஆனால் சர்வதேச வானியல் ஒன்றியம் 2016 முதல் ஏற்பளித்து வரும் பெயர்ப் பட்டியலில் சுஹைல் என்று தேடினால் இந்த விண்மீன் கிடைப்பதில்லை. ஒளி குறைந்த வேறொன்றே அப்பெயரில் நிற்கிறது. நம் சுஹைலோ கனோப்பஸ் என்ற கிரேக்கப் பெயரில் இருக்கிறது.

கிரேக்க அறிஞர் தாலமியின் அல்மஜஸ்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை உருவங்களின் உறுப்புகளைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காட்டியது. ஹிஜ்ரி 353 (கி.பி. 964) வாக்கில் புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவுக்காக நூல் இயற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, அவ்விடங்களோடு அரபு மக்கள் வழங்கிய பெயர்களையும் பொருத்திக் காட்டினார். கப்பல் உருவத்தின் சுக்கான் துடுப்பில் உள்ள விண்மீன்தான் சுஹைல் என்பது அவ்வாறு நிலைபெற்றது. தாலமியின் தீர்க்கரேகைகளோடு 12 பாகை 42 கலையையும் அவர் கூட்டினார். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல எண்கள் நகர்கின்றன என்பதை அறிந்திருந்தார்.

உலூக் பேக் 1437இல் சமர்கந்தில் முடித்த அட்டவணையில் 1,018 விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் 27ஐ அவர் அஸ்ஸூஃபியிடமிருந்தே பெற்றார், சுஹைல் உட்பட. சமர்கந்தில் சுஹைல் உதிப்பதே இல்லை! அஸ்ஸூஃபி பணிபுரிந்த ஷீராஸிலும் அது 8 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அவ்வகையில் நம் கரையினர் பேறு பெற்றவர்கள்.

ஹொர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு காயலுக்கு வந்த மரக்கலங்களை மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். அரபுக் கடலோடிகள் வட்டத்தை 32 திசைகளாகப் பிரித்து, பெரும்பாலானவற்றுக்கு விண்மீன்களின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டு பெயரிட்டனர். 15ஆம் நூற்றாண்டின் அஹ்மத் இப்னு மாஜிதின் நூல்கள் இம்முறையை விளக்குகின்றன. தெற்கிலிருந்து கிழக்கே 22½ பாகை விலகிய திசை 'மத்லஉ சுஹைல்', அதாவது சுஹைலின் உதயம். நம் கரையில் சுஹைல் உண்மையில் உதிப்பதோ அதனினும் 14 பாகை கிழக்கே. கடலோடிக்கு அப்பெயர் திசையைக் குறித்ததேயன்றி, விண்மீன் உதிக்கும் துல்லியமான இடத்தையன்று.

பெயர் இடம் மாறியதற்கு ஐரோப்பியரை மட்டும் குறை கூறுவது நீதியன்று. அரபு மரபிலேயே சுஹைல் எனும் சொல் அடைமொழிகளோடு வேறு தென்திசை விண்மீன்களுக்கும் வழங்கியது. 'சுஹைலுல் வஸ்ன்' என்பதில் அடைமொழி உதிர்ந்து, பழைய கப்பலின் பாய்ப் பகுதியிலுள்ள விண்மீனுக்குச் சுஹைல் என்பதே பெயராயிற்று. வேறிடத்தில் எழுத்தே மாறியது. ஜவ்ஸாவின் கை எனப் பொருள்படும் 'யதுல் ஜவ்ஸா'வின் 'யா'வில் இரு புள்ளிகளுள் ஒன்று விடுபட்டு 'பா' என வாசிக்கப்பட்டதால் பிறந்ததே பெட்டல்ஜூஸ். நம் திருவாதிரைதான் அது. எழுத்துப் புள்ளிகளில் கவனமற்ற மாணவர்களுக்கு நான் வகுப்பில் கூறும் உதாரணமும் அதுவே.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேணப்படும் சிம்பாத் தரவுத்தளம், ஒரே விண்மீனுக்குப் பல அட்டவணைகள் இட்ட பெயர்களையும் எண்களையும் ஒரே பதிவின்கீழ்த் திரட்டித் தருகிறது; அஸ்ஸூஃபி மேற்கொண்ட அதே பணி. நம் சுஹைலை அங்கே தேட விரும்பும் மாணவர் கனோப்பஸ் அல்லது ஆல்ஃபா கரீனே என்று கொடுக்க வேண்டும்.