ஒதுக்கீடா, ஒப்படையா?



இணையம் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவர் போனில் கேட்டார்: "சார், ஐபி முகவரிக்கு விண்ணப்பிக்கணும். அலொகேஷன், அசைன்மென்ட்னு ரெண்டு இருக்கு. தமிழில் ரெண்டுமே ஒதுக்கீடுதானே?"

இல்லையப்பா. நம் தெருவையே பாருங்கள். முதலாளி பட்டும் சரிகையும் மொத்தமாக எடுத்து வந்து பல தறிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். தறிக்காரரோ தனக்கு வந்த பாவைத் தானே நெய்ய வேண்டும். பக்கத்துத் தறிக்குத் தள்ளிவிட முடியாது. பிரித்துக் கொடுக்கவென்று வருவது அலொகேஷன், தன் உபயோகத்துக்கு மட்டும் வருவது அசைன்மென்ட். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2050 என்ற ஆவணத்திலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது.

முகவரி தாராளமாகக் கிடைத்த நாளில் சொல்லைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. பழைய ஐபிவி4 முறையில் இருப்பதே சுமார் 429 கோடிதான். 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஏப்ரலில் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் ஓர் உறுப்பினருக்கு அதிலிருந்து 1024 முகவரிதான். 2019-இல் அதுவும் 512 ஆயிற்று. இந்தியாவுக்கென ஐரின் பதிவகம் வந்தது 2012-இல், அதாவது பந்தி முடியும் நேரத்தில்!

புதிய ஐபிவி6 முறையில் முகவரிப் பஞ்சம் இல்லை. ஆனாலும் சொல் இடறியது. ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற பெயரில் தன்னார்வலர்கள் இலவச வைஃபை நடத்துகிறார்கள். வழிப்போக்கரின் கைபேசி அதில் சேர்ந்தால் அதற்கும் ஒரு முகவரி போகும். அசைன்மென்டாகப் பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று கேள்வி வந்தது. கொடுப்பது என்றால் என்ன? ஐரோப்பியப் பதிவகத்தில் 2016-இல் எழுந்த திருத்தம் 2018-இல்தான் ஏற்கப்பட்டது. வருகிறவருக்குத் தனி முகவரி தருவது உள்ஒப்படை ஆகாது என்று எழுதி வைத்தார்கள்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை உங்களுக்குக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? குடவோலை விதியைப் பராந்தகன் காலத்தில் 919-இல் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921-இல், திருத்தி மறுபடி வெட்டினார்கள். 30 முதல் 60 வயது என்றிருந்தது 35 முதல் 70 ஆயிற்று. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது. உறவினர் என்றால் யார் யார்? சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன், மருமகன் என்று ஒவ்வொரு முறையாகச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் உறவுக்கு எல்லை ஏது? அவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

அசைன்மென்டுக்குத் தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. வருவாய்த்துறையின் 'நில ஒப்படை' அதுதான். அலொகேஷனுக்கு ஒதுக்கீடு, அசைன்மென்டுக்கு ஒப்படை என்று வைத்துக்கொள்ளலாம் என அந்த மாணவரிடம் சொன்னேன். வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுக்கப் போவதால் அவர் கேட்க வேண்டியது ஒதுக்கீடு.

இத்துறையில் இருக்கும் மற்ற மாணவர்கள், உங்கள் அலுவலகத்தில் வேறு சொல் புழங்கினால் கீழே எழுதுங்கள்.