அழியாத கோலங்கள்: பழைய பதின்பருவப் படங்களை இன்று எப்படிப் பார்ப்பது?

பிள்ளைப் பருவம் முடிந்து பெரியவர்களின் உலகுக்குள் காலெடுத்து வைக்கும் வயதைச் சொல்லும் படங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வெளிவரும்போது அவை பதின்ம வயதினரைப் பற்றிய கதைகள். 30, 40 ஆண்டுகள் கழிந்ததும் அவையே மூத்தவர்களின் சொந்த நினைவுகளாகிவிடுகின்றன. அதனால்தான் விமர்சகரின் கணிப்பும் ரசிகரின் பற்றும் இவற்றில் அடிக்கடி முரண்படுகின்றன. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்', அதற்குத் தூண்டுதலாக அமைந்த ஹொலிவூட் படமான 'சமர் ஒஃப் 42' ஆகிய இரண்டும் இதற்கு நல்ல உதாரணங்கள்.

இறந்த நண்பனுக்காக ஒரு கதை

ரொபர்ட் மலிகன் இயக்கிய 'சமர் ஒஃப் 42' 1971இல் வெளிவந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஒரு தீவில் விடுமுறையைக் கழிக்கும் மூன்று சிறுவர்களின் கதை அது. அவர்களில் ஒருவனான 15 வயது ஹேர்மி, கணவன் போர்முனைக்குப் போயிருக்கும் டொரதி என்ற இளம்பெண்ணின்மீது ஈர்ப்புக் கொள்கிறான். கணவன் இறந்த செய்தி வந்த இரவு அவர்களுக்கிடையே உறவு ஏற்படுகிறது.

திரைக்கதையை எழுதிய ஹேர்மன் ரௌச்சர் அதைத் தன் வாழ்விலிருந்தே எடுத்தார். கொரிய யுத்தத்தில் இராணுவ மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி உயிரிழந்த பால்ய நண்பன் ஒஸ்கியை நினைத்தே அவர் எழுதத் தொடங்கினார். விமர்சகர்களில் சிலர் படத்தின் நினைவேக்கம் அளவுக்கு மிஞ்சியது என்றனர். ரசிகர்களோ திரையரங்குகளை நிறைத்தனர். மிசெல் லெக்ரானின் இசைக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

ஆற்றங்கரைச் சிறுவர்கள்

'அழியாத கோலங்கள்' 1979 டிசெம்பரில் வெளிவந்தது. பாலு மகேந்திரா இயக்கிய முதல் தமிழ்ப் படம் இதுவே. தன் பால்ய நினைவுகளையும் அவர் இதில் கலந்திருந்தார். கிராமத்துச் சிறுவர்கள் மூவர், புதிதாக வரும் ஆசிரியை இந்து, உடல் பற்றிய குறுகுறுப்பு, ஆற்றில் மூழ்கி இறந்துபோகும் ஒரு நண்பன்: கதை இவ்வளவுதான். வளர்ந்துவிட்ட கௌரிசங்கராகக் கமல்ஹாசன் சிறிது நேரமே தோன்றி இவற்றை நினைவுகூர்கிறார்.

இயற்கை ஒளியும் குறைந்த வசனங்களும் கொண்ட இப்படத்தை, அதே ஆண்டில் வந்த மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளோடு சேர்த்துத் தமிழ்ச் சினிமாவின் திருப்பமாக விமர்சகர்கள் கருதுகிறார்கள். ரசிகர்களின் மனதில் நிற்பதோ ஆறும், வயல்வெளியும், இந்து ரீச்சரும்தான்.

மாறிவிட்ட கேள்விகள்

இன்றைய பார்வையாளர்கள் வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். 15 வயது என்பது இன்று அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் சம்மத வயது அல்ல. டொரதி ஆணாகவும் ஹேர்மி சிறுமியாகவும் இருந்திருந்தால் அதை அழகிய நினைவு என்று சொல்வோமா என்ற கேள்வி நியாயமானது.

தமிழ்ப் படத்தில் கேள்வி இன்னும் கனமானது. ஆசிரியையாக நடித்த ஷோபா 1962 செப்டெம்பரில் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு வயது 17. சிறுவர்கள் அண்ணாந்து பார்த்த அந்த 'வளர்ந்த பெண்' உண்மையில் அவர்களைவிடச் சில வயதே மூத்தவர். பல வயது மூத்த இயக்குநரோடு மணவாழ்வில் இணைந்திருந்தார். 'பசி' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற அவர், 1980 மே 1ஆம் திகதி, 18 வயதை எட்டாமலேயே உயிரிழந்தார். இதை அறிந்தபின் இந்து வரும் காட்சிகளை முன்புபோலப் பார்க்க முடிவதில்லை.

அதற்காகப் படத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? தேவையில்லை. பழைய ரசிகர் அதில் இழந்த நண்பனைக் காண்கிறார். புதிய பார்வையாளர் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு பெண்ணைக் காண்கிறார். இருவர் காண்பதும் படத்தில் இருப்பதுதான்.

எங்களுக்கு இந்த இரண்டும் புதியவை அல்ல. ஒன்றாக ஆற்றில் குளித்தவர்களில் எல்லோரும் நாற்பது வயதைக் காணவில்லை. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பாடசாலை வயதிலேயே தாலி கட்டப்பட்ட பிள்ளைகள் வன்னியில் இருந்தார்கள். நண்பனை நினைத்து அழும் படங்கள் எங்களிடம் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து சொல்லப்பட வேண்டிய பதின்பருவக் கதைகள்தான் இன்னும் போதாமல் இருக்கின்றன.