பிஜியில் தொலைக்காட்சியும் பெண்களின் உடல் தோற்றக் கவலையும்

ஊடகங்களில் வரும் ஒல்லியான பெண்ணுருவங்கள் பார்ப்பவரின் மனத்தில் என்ன செய்கின்றன என்று பேசும்போது, தென் பசிபிக் தீவு நாடான பிஜியில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு தவறாமல் குறிப்பிடப்படும். அதை நடத்தியவர் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆன் பெக்கர். மனநல மருத்துவம், மானிடவியல் இரண்டிலும் பயின்றவர்.

பிஜிப் பழங்குடிச் சமூகத்தில் வாட்டசாட்டமான உடலே அழகு. உழைப்புக்கும் அதுவே அடையாளம். சதை போட்டிருக்கிறாய் என்று சொன்னால் பாராட்டு. ஒரு பெண் இளைத்துவிட்டால், வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று சுற்றத்தார் கவலைப்படுவார்கள். பசியின்மையை 'மதாகே' என்னும் நோயாகக் கருதி மூலிகை மருந்து கொடுப்பார்கள்.

விட்டி லெவு தீவின் நந்த்ரோங்கா வட்டாரத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலேயே பெக்கர் குழுவினர் 63 பள்ளி மாணவியரிடம் உண்ணும் பழக்கம் பற்றிய வினாத்தாளைக் கொடுத்தனர். 1998இல் வேறு 65 மாணவியரிடம் அதே ஆய்வு. உண்ணல் கோளாறுக்கான அபாய அளவைத் தாண்டியவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகப் பெருகியிருந்தனர். எடையைக் குறைக்க வலிந்து வாந்தி எடுப்பவர் முதல் சுற்றில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் சுற்றில் 11.3 விழுக்காட்டினர். ஆய்வில் மிகவும் கலங்க வைப்பது இந்த எண்தான். இப்பழக்கம் நீடித்தால் பல்லின் எனாமல் அரிக்கும். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். வளரும் பிள்ளைகள் மூன்றே ஆண்டுகளில் இதற்குப் பழகியிருக்கிறார்கள்.

'பெவர்லி ஹில்ஸ் 90210', 'ஸீனா' போன்ற அயல்நாட்டுத் தொடர்களின் நாயகியரைப் போல ஆக வேண்டும் என்று நேர்காணல்களில் பல பெண்கள் சொன்னார்கள். மெலிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. ஆகவே இதை வெறும் அழகு மோகம் என்று தள்ளிவிட முடியாது. மாறிவரும் பொருளாதாரத்தில் முன்னேற வழி தேடியவர்களுக்கு, திரை காட்டிய வழி அந்த உடலாக இருந்தது.

2002இல் வெளியான இவ்வாய்வுக்கு வரம்புகள் உண்டு. இரு சுற்றிலும் பங்கேற்றவர்கள் வெவ்வேறு மாணவியர், எண்ணிக்கையும் குறைவு, அதே காலத்தில் பிற சமூக மாற்றங்களும் நடந்தன. ஆகவே தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. பெக்கர் குழுவினர் 2011இல் வெளியிட்ட, 523 பெண்களிடம் நடத்திய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தான் நேரடியாகப் பார்ப்பதைவிட, தோழியர் எந்த அளவுக்கு ஊடகம் பார்க்கிறார்கள் என்பதே ஒரு பெண்ணின் உண்ணல் கோளாறுகளோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது.