ஹேண்ட்ஸ்வொர்த் குரல், ஜமுனாமரத்தூர் கேசட்

அது ஓர் அறுபது நிமிடக் கேசட். அட்டையின் உள்பக்கத்தில் நீல மையில் பாட்டு வரிசை எழுதியிருக்கிறது. 'மலர்களே' பாட்டுக்கு எதிரே ஹரிஹரன், சித்ரா என்று பெயர்கள். சற்றுக் கீழே 'நோ பிராப்ளம்'. பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'வெளிநாட்டுக்காரர்' என்று மட்டும் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சவுண்டு செட் கட்டியவர்களின் கேசட்டுகளைப் பட்டியலிட்டு வருகிறேன். வருவாய்த் துறைப் பதிவேட்டில் நிலம் இருக்கும். வனத்துறைப் பதிவேட்டில் மரம் இருக்கும். ஒரு ஊர் என்ன பாட்டுக் கேட்டு வளர்ந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இந்த மலையை வெளியுலகம் காவலூர் வானாய்வகத்தால் அறியும். 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி எந்த இரவில் எந்த விண்மீனைப் பார்த்தது என்பதற்குக் குறிப்பேடு உண்டு. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் அதே இரவில் என்ன ஒலித்தது என்பதற்கு மிஞ்சியிருப்பவை தகரப் பெட்டியில் பூஞ்சை பூத்துக் கிடக்கும் இந்த நாடாக்கள்தான். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஆண்டு என்று குறித்து வைக்கிறேன். வெளிநாட்டுக்காரர் என்ற பதிலோடு அந்தக் கட்டத்தை மூட எனக்கு மனம் வரவில்லை.

கேசட்டுக்குச் சொந்தக்காரரைக் கேட்டேன். "அந்த ஆளு இன்னா பாடறாருன்னு எவனுக்கு சார் தெரியும்? அடி நல்லா இருக்கும். பாக்ஸ் அதிரும். பசங்க ஒன்ஸ்மோர் கேப்பானுங்க." போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி, ரெக்கார்டிங் சென்டரில் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்து, பிறகு போய் வாங்கிவருவது அந்தக் காலத்து வழக்கம். படம் மலையேறி வராது, பாட்டு மட்டும் வரும். பெயர்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

படத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பி. வாசு இயக்கி, பிரபுதேவாவும் நக்மாவும் நடித்து 1996 பொங்கலுக்கு வந்த 'லவ் பேர்ட்ஸ்'. இசை ஏ.ஆர். ரஹ்மான். 'நோ பிராப்ளம்' பாட்டில் ரஹ்மானோடு பாடியவர், திரையிலும் தோன்றி பிரபுதேவாவோடு ஆடியவர் அப்பாச்சி இந்தியன். பெயர் கிடைத்ததும் புதிர் இன்னும் பெரிதாயிற்று. அப்பாச்சி அமெரிக்கப் பழங்குடியினரின் பெயர். பாடும் தோரணை ஜமைக்காவுடையது. முகமோ பஞ்சாபிக்காரர் முகம். நான் விசாரித்தவர்கள் ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள்.

விடை இங்கிலாந்தில் இருந்தது. அங்கே இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையை வாரவாரியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எந்தத் தட்டு எந்த வாரம் எத்தனையாவது இடத்தில் நின்றது என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். நம்முடைய திரைப்பாடல் கேசட்டுகளுக்கு அப்படி ஒரு வசதி இல்லாதது எனக்கு ஆறாத வருத்தம். அந்தப் பட்டியல்களையும் தட்டுகளின் லேபிள்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு வாழ்க்கை தெளிவாக எழுந்து வருகிறது.

அவர் இயற்பெயர் ஸ்டீவன் கபூர். 1967 மே 11 அன்று பர்மிங்ஹாம் நகரின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்தவர். வெல்டராக வேலை பார்த்தவர். ஹேண்ட்ஸ்வொர்த் என்பது ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இடம். 'ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' என்ற இசைத்தட்டை 1978இல் வெளியிட்ட ஸ்டீல் பல்ஸ் குழு அந்தத் தெருக்களிலிருந்து கிளம்பியதுதான். 1985 செப்டம்பரில் பெரும் கலவரம் வெடித்ததும் அங்கேதான். இந்த ஊரில் வளர்ந்த பஞ்சாபிப் பையனுக்கு ஜமைக்காவின் ரெகே இசை பக்கத்து வீட்டுப் பாட்டு. அதைக் கற்க அவன் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

ரெகேயின் பள்ளிக்கூடம் சவுண்டு சிஸ்டம். 1950களில் கிங்ஸ்டன் நகரத்தில், வாத்தியக் குழுவை அமர்த்த வசதியில்லாத மக்களுக்காக, ஆம்ப்ளிபையரும் ஆளுயரப் பெட்டிகளும் கட்டித் தெருவில் தட்டுகளைப் போடுவார்கள். பின்னாளில் வந்த தட்டுகளின் மறுபக்கத்தில் பாடகர் குரல் இல்லாமல் தாளமும் பேஸும் மட்டும் பதிந்திருக்கும். அது ஓடும்போது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தாளத்தின் மீது சொல்லை அடுக்கிக்கொண்டே போவார். அவரை அங்கே டீஜே என்பார்கள். ஒரே தாளத்தின் மீது பத்து டீஜேக்கள் பத்துப் பாட்டுக் கட்டுவதும் உண்டு. 1985இல் வெயின் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' வந்தது. கேசியோ நிறுவனத்தின் சிறிய மின்விசைப்பலகையில் தயாராகக் கிடைத்த ஒரு தாளத்தை வைத்துச் செய்த பாட்டு அது. அதன் பிறகு ஜமைக்கா இசையே கணினித் தாளத்துக்கு மாறியது. அந்த வகையை ராகா என்று அழைத்தார்கள். ஸ்டீவன் கபூர் கற்றுக்கொண்டது இந்தக் கலையைத்தான். புளியமரக் கிளையில் ஹாரன் குழாயும் பந்தல் ஓரத்தில் பாக்ஸும் கட்டிய நம் கேசட்காரரிடம் இதை விளக்கியபோது, "அப்போ நம்ம தொழில்தான் சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

முதல் தட்டு 'மூவி ஓவர் இந்தியா', 1990. லேபிளில் எதுவும் அச்சிடாத வெள்ளைத் தட்டாக வெளிவந்து, பிறகு ரெகே விநியோகஸ்தர்களான ஜெட் ஸ்டார் அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே 'சோக் தேர்', 'டான் ராஜா'. இவை ரெகே பட்டியலிலும் பஞ்சாபி ஆட்ட இசையான பாங்ராவின் பட்டியலிலும் ஒருசேர ஏறின. ஜமைக்கப் பேச்சுமொழியும் பஞ்சாபியும் ஒரே அடியில் மாறிமாறி வரும் பாட்டு அதற்கு முன் இவ்வளவு தூரம் போனதில்லை. பாப் மார்லியை உலகுக்குக் கொண்டுபோன ஐலண்ட் நிறுவனம் 1992இல் ஸ்டீவன் கபூரோடு ஒப்பந்தம் செய்தது. முதல் ஆல்பமான 'நோ ரிசர்வேஷன்ஸ்' 1993இல் வந்தது. அதற்காக ஜமைக்கா போய் ஸ்லை டன்பர், பாபி டிஜிட்டல் போன்றவர்களோடு பதிவு செய்தார். அந்த ஆண்டு பிரிட்டனின் மெர்குரி இசை விருதின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

அந்த ஆல்பத்தைப் பலமுறை கேட்டேன். வெறும் ஆட்டப் பாட்டுக்காரர் என்று அவரை ஒதுக்குவது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். பெற்றோர் பார்த்து முடிக்கும் கல்யாணம், குடிப்பழக்கம், எய்ட்ஸ் என்று வீட்டுக்குள் பேசத் தயங்கிய விஷயங்களை அவர் தாளத்தில் ஏற்றினார். கல்யாணப் பாட்டான 'அரேஞ்ச்ட் மேரேஜ்' பிரிட்டனில் 16ஆம் இடம் வரை சென்றது. 1993 ஆகஸ்டில் 'பூம் ஷக்-அ-லக்' இடம்பெற்ற தட்டு 5ஆம் இடத்தைத் தொட்டது. மறு ஆண்டு 'டம்ப் அண்ட் டம்பர்' என்ற ஹாலிவுட் படம் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டது.

1991 இறுதி முதல் ஸ்டார் டி.வி. வழியாக எம்டிவி இந்திய வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. 1993இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது இளைஞர்களுக்கு அவர் முகம் ஏற்கெனவே பழகியிருந்தது. தமிழ்த் திரையிசையோ தானாகவே அவர் இருந்த திசை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. அதை எழுதியவர் இயக்குநர் ஷங்கரே. சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மா, சாகுல் ஹமீது பாடினார்கள். 1995இல் 'பம்பாய்' படத்தின் 'ஹம்மா ஹம்மா'; அதன் இந்தி வடிவில் கோவாவின் ரெமோ பெர்னாண்டஸ் குரல். தாளத்தின் மீது பேச்சை அடுக்கும் பாட்டுக்குச் சென்னைப் பேட்டையும் கிராமத்துக் கிழவியின் குரலும் போதும் என்று ரஹ்மான் காட்டியாகிவிட்டது. அதன் பிறகே பர்மிங்ஹாம்காரரை அழைத்தார். இந்த வரிசை முக்கியம். மேற்கத்திய மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் அப்பாச்சி இந்தியனைப் பற்றி லெஸ் பேக் போன்ற ஆய்வாளர்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்துகளின் மையம் 1993தான். 1995இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'மேக் வே ஃபார் தி இந்தியன்' முன்னதைப் போல ஓடவில்லை. பிரிட்டன் தரவரிசையை மட்டும் பார்த்தால் வாழ்க்கை அங்கே சரிகிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அதற்குப் பின்தான் இந்தக் குரல் மலைக் கிராமத்துப் பந்தல் வரை போய்ச் சேர்கிறது. ஒரு கலைஞரின் வாழ்க்கையை எந்த ஊர்ப் பதிவேட்டை வைத்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் உச்சம் இடம் மாறுகிறது. 1997இல் 'ரியல் பீப்பிள்' வெளியிட்டார். பின்னாளில் பர்மிங்ஹாமில் இளையோருக்கான இசைப் பயிற்சிக் கூடத்தையும் நடத்தினார்.

இனி அந்தப் பெயர். ஸ்டீவன் கபூர் அப்பாச்சி ஆனது அவர் வழிபட்ட ஜமைக்க டீஜே ஒருவரால். சூப்பர் கேட் என்ற அவருக்கு 'வைல்ட் அப்பாச்சி' என்றும் பட்டம். சொந்த லேபிளுக்கும் அதே பெயரை வைத்தவர். அவருடைய இயற்பெயரைத் தேடிப் பார்த்தபோது சற்று நேரம் எழுந்து நடந்தேன். வில்லியம் மராக். ஜமைக்காவில் மகாராஜ் என்பது இப்படித் தேய்ந்திருக்கிறது. ஆப்பிரிக்க வழியும் இந்திய வழியும் கலந்த குடும்பம், கிங்ஸ்டன் நகரில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த காக்பர்ன் பென் பகுதியில் வளர்ந்தவர். 1930களில் ஜமைக்காவில் ராஸ்தஃபாரி என்ற ஆன்மிக நெறியைப் பரப்பிய முன்னோடி லெனார்ட் ஹவல் தன் நூலுக்கு இட்டுக்கொண்ட புனைபெயரிலும் இதே மராக் இருக்கிறது. ரெகேயின் ஆன்மிக வேரில் இந்தியத் தொழிலாளர்களின் வாசம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

1845 மே மாதம் ஓல்ட் ஹார்பர் பேயில் முதல் கப்பல் வந்து நின்றதிலிருந்து 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். மராக் என்ற பெயரும் வடக்கையே காட்டுகிறது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். சென்னை வழியாகப் பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களில் வடாற்காடு மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். ஜவ்வாது மலை அடிவாரத்தின் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. திருப்பத்தூர்ப் பக்கம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. மலையையும் ஜமைக்காவையும் ஒரே குடும்பக் கோட்டால் இணைத்துவிட ஆசை எழுகிறது. ஆவணம் இல்லாமல் அந்தக் கோட்டை நான் போட மாட்டேன்.

ஆவணம் வைத்துச் சொல்லக்கூடியதே பெரிது. இந்தியத் தொழிலாளர் வழிவந்த ஒருவர் கிங்ஸ்டனில் பெயரெடுத்தார். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, இந்தியர் என்பதையும் சேர்த்து, பர்மிங்ஹாமில் ஒரு பஞ்சாபிப் பையன் பாடினான். அவன் குரல் தமிழ்ப் படப்பாட்டாக மலையேறியது. நூற்றைம்பது ஆண்டுகளில் கடல்களைச் சுற்றி வந்த குரல் இது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் குடிபெயர்வுக் கோப்புகளில் 1840களின் சென்னைக் கப்பல்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்களில் தீவுக்குப் போய்த் திரும்பாத முன்னோரைப் பற்றிய பேச்சு இருந்தால் அதைக் கேட்க விரும்புகிறேன். சவுண்டு சர்வீஸ் நடத்தியவர்கள் பழைய கேசட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.