சுடுகருவிச் சட்டமும் மாணவர் எழுச்சியும்

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து வயல்களிலும், அப்பால் மறையூர், காந்தளூர், வட்டவடை மலைச்சரிவுகளிலும் பயிரிடும் நம்மவரைக் காட்டுப்பன்றி படுத்தும் பாடு அன்பர்கள் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டில் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கு அளித்தது. ஆணை பிறந்தால் மட்டும் போதுமா? சுடுவதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பன்றி கிழங்கை முடித்துவிட்டு அடுத்த தோட்டம் சென்றுவிடும். தேர்தல் வந்துவிட்டாலோ, உரிமம் உள்ள துப்பாக்கிகளையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. இக்கட்டுத் தளர்ந்த ஒரு நாட்டில், பள்ளி மாணவரே முன்னின்று, "கட்டு வேண்டும்" என்று கேட்ட வரலாற்றை இவ்வாண்டு மலருக்கு எழுத முற்பட்டோம்.

முதலில் நம் பக்கத்துச் செய்தி. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாப்பிளமார் கலகங்களை அடக்கக் கருதிய ஆங்கிலேயர், போர்க்கத்தி வைத்திருப்பதைத் தடுத்து 1854 இல் ஒரு சட்டம் இயற்றினர். அதனை நிறைவேற்றிய கலெக்டர் கனோலி, 1855 செப்டம்பரில் கோழிக்கோட்டில் தம் இல்லத்திலேயே வெட்டுண்டு இறந்தார். பின்னர் 1878 இல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் பெறவேண்டும், வெள்ளையருக்கோ விலக்கு. தேசியத் தலைவர்கள் இதனை மானக்கேடு என்று கண்டித்ததில் வியப்பில்லை. பின்னாளில் அந்தப் பாகுபாடு நீங்கியது. உரிமம் மட்டும் நீங்கவில்லை. 1959 இல் இயற்றிய புதிய சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 இல் இரண்டாகக் குறைத்தனர். இதற்கென்று நம் நாட்டில் மாணவர் எவரும் ஊர்வலம் போகவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே ஆயுதம் வைத்திருத்தல் 1791 முதல் அரசியல் சட்டம் காக்கும் உரிமை. 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர் சுட்டதில் பன்னிரண்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். 2007 இல் வர்ஜீனியா டெக் கல்லூரியில் மாண்டவர் 32 பேர். நம் கொங்கு நாட்டிலே பிறந்து, அங்கே நீரியல் கற்பித்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் அன்று வகுப்பறையிலேயே உயிரிழந்தார். 2012 இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் பெரியவர் அறுவரும் பலியாயினர். படைக்கலம் போன்ற துப்பாக்கிகளை 1994 இல் தடுத்த சட்டமோ 2004 இல் காலாவதியாகிவிட்டது; மீண்டும் உயிர்பெறவில்லை. ஒவ்வொரு முறையும் மெழுகுவத்தி ஏற்றினர், இரங்கல் உரைத்தனர், மறந்தனர்.

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்துப் பார்க்லாண்ட் ஊரின் உயர்நிலைப்பள்ளியில், அங்கு முன்னர்ப் படித்த ஓர் இளைஞன் பதினேழு பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் வயது பத்தொன்பது. துப்பாக்கியை முறைப்படி கடையிலேயே வாங்கியிருந்தான். இம்முறை மாணவர் மறக்க விடவில்லை. கேமரன் காஸ்கி என்னும் மாணவர் வீட்டில் சிலர் கூடினர். மூன்றாம் நாளே பொதுக்கூட்டத்தில் கொன்சாலஸ் என்னும் மாணவர் ஆற்றிய உரை நாடெங்கும் பரவியது. பிப்ரவரி 20 அன்று, மாணவர் சிலர் மேல்மாடத்தில் அமர்ந்து பார்த்திருக்கவே, மாநிலச் சட்டசபை அவ்வகைத் துப்பாக்கிகளைத் தடுக்கும் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவும் மறுத்தது. பிள்ளைகள் கண்ணீர் விட்டனர்; ஆயினும் வீடு திரும்பி ஓய்ந்துவிடவில்லை. மார்ச் 14 இல் நாடெங்கும் மாணவர் வகுப்பைவிட்டு வெளியேறி, மாண்டவர் ஒருவருக்கு ஒரு நிமிடமாகப் பதினேழு நிமிடம் நின்றனர். மார்ச் 24 இல் வாஷிங்டனில் பெருங்கூட்டம் திரண்டது. கொன்சாலஸ் இறந்தோர் பெயர்களைச் சொல்லிவிட்டு, மேடையில் வாய்திறவாது நின்றார். ஏறியது முதல் கணக்கிட்டால் ஆறு நிமிடம் இருபது விநாடி. கொலைகாரன் சுடுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் துப்பாக்கிக்கு ஓயாமல் இரையாகிய கறுப்பின இளைஞர், இதற்கு முன்பே குரல் எழுப்பியிருந்தனர், நாடு செவிசாய்க்கவில்லை. வசதியுள்ள ஊரின் பிள்ளைகள் அழுதபோதே உலகம் திரும்பிப் பார்த்தது. பார்க்லாண்ட் மாணவர் இதனை உணர்ந்தனர் என்பது அவர்களுக்குப் பெருமை. சிகாகோ இளைஞரை அழைத்துக் கலந்துபேசி, வாஷிங்டன் மேடையிலும் இடமளித்தனர்.

பயன் யாது? மார்ச் 9 ஆம் நாளே புளோரிடா ஆளுநர் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 18 இலிருந்து 21 ஆயிற்று. வாங்கியதைப் பெற மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரின் துப்பாக்கியைப் பறிக்கலாம். வயதைப் பொறுத்தமட்டில் நம் சட்டம் நெடுநாளாகக் கேட்டுவருவதும் அந்த 21 தான். கோடையில் மாணவர் பேருந்தேறி ஊர் ஊராய்ச் சென்று, இளைஞரை வாக்காளர் பட்டியலில் பதிவு செய்வித்தனர். 2022 மே மாதம் டெக்சாசின் யுவால்டி பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் மாண்டபின், ஜூன் 11 இல் மீண்டும் பேரணி. அம்மாதம் 25 இல் குடியரசுத் தலைவர் பைடன் ஒரு கூட்டாட்சிச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதற்கு இரு நாள் முன்னர்தான் உச்சநீதிமன்றம், துப்பாக்கி ஏந்தித் திரியத் தனிக்காரணம் காட்டவேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தைத் தள்ளியிருந்தது. ஒரு கை கட்டியதை மறு கை அவிழ்த்தது. புளோரிடாவின் வயது வரம்பு செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

இது கடல்கடந்த சங்கதி என்று நாம் ஒதுக்க இயலாது. நம் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று அங்கே குடும்பமாய் வாழ்கின்றனர்! சென்ற விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுமி, பள்ளியில் கற்ற ஒன்றைத் தன் பாட்டிக்குச் செய்து காட்டினாள். கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் மூலையில் ஒடுங்கி அமர்ந்தாள். பாட்டி கண்ணாமூச்சி என்றெண்ணிச் சிரித்தவாறே தேடினார். "சிரிக்கக் கூடாது பாட்டி, துப்பாக்கிக்காரன் கேட்டுவிடுவான்" என்றாள் குழந்தை. பாட்டி விளக்கைப் போட்டுவிட்டு, அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.